நாலு விரல் மண்

ஆனைமுதுகு என்கிற துருத்துக்கு, அதாவது தீவுக்கு, போக வேண்டுமென்றால் கள்ளிக்காட்டில் பஸ் இறங்கி, அணை வெள்ளத்தின் ஓரம் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவ வேண்டும். அக்கரையில் சோமன் காதில் விழுந்தால் வள்ளம் வரும். காற்று எதிர்த்து அடித்தால் நின்றது நின்றபடிதான். இப்போது எல்லார் கையிலும் போன் உண்டு. ஆனால் துருத்தில் பாறையின் உச்சியில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் கூவுகிற வழக்கம் ஒழியவில்லை. நெய்யாற்றில் அணை கட்டும் வரை அது துருத்தே இல்லை. சுற்றிலும் நிற்கிற குன்றுகளைப் போல அதுவும் ஒரு குன்று. வெள்ளம் ஏறி அடிவாரத்தை முழுங்கியதும் முதுகு மட்டும் வெளியே நின்றது, நடு வெள்ளத்தில் ஒரு தீவாக. அரசாங்கம் கரையில் நிலம் தருகிறேன் என்றது. மற்றவர்கள் பெட்டி படுக்கையோடு போனார்கள். சோமனின் அப்பன் மட்டும், "எனக்க மரச்சீனி இஞ்ச நிக்கி, நான் எங்ஙன போவேன்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தாராம். அந்த மரச்சீனிக்கு, நாலு மூடு மரவள்ளிக் கிழங்குக்கு வேண்டி மூன்று தலைமுறை வெள்ளத்துக்கு நடுவில் கிடந்தாயிற்று. பிடிவாதத்துக்கு அந்த வீட்டில் ஒருகாலும் பஞ்சம் வந்ததில்லை.

இப்போது துருத்தில் ஒரே வீடுதான். சோமன், அவன் பெண்டாட்டி ஸ்ரீகுமாரி. மகன் விபின் உதியன்குளங்கரையில் டயர் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். சோமனுக்கு ஐம்பத்திரண்டு வயது. வள்ளம் தள்ளுவான், வலை போடுவான், மரச்சீனி வைப்பான். வாய் கொஞ்சம் நீளம். மூடி வைக்க வேண்டிய காரியம் ஒன்று உள்ளே கிடந்தால், அதற்கு மேலே மனிதன் நிறையப் பேச்சைப் போட்டு வைப்பான். சோமன் அந்த வகை.

இந்தச் சித்திரையில் வெள்ளம் ரொம்பவும் இறங்கிவிட்டது. துருத்தைச் சுற்றி அகலமாகச் சிவந்த சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. முதலைகள் ஏறிப் படுக்கிற பாறைகூட வெள்ளத்தை விட்டு எட்டி நின்றது. அப்போதுதான் பழைய காலத்துப் பொருள்களைத் தோண்டி எடுக்கிறவர்கள் வந்து தார்ப்பாய்க் கூடாரம் அடித்தார்கள். தலைமை பிரசீதா. முப்பத்தைந்து வயதிருக்கும், உதியன்குளங்கரைக்காரி, வெயிலில் கறுத்துப்போன படித்த பெண். படம் வரைவதற்கும் பெயர்ச்சீட்டு எழுதுவதற்கும் சஜன் என்று ஒருத்தன். மண் வெட்ட சோமனும், கள்ளிக்காட்டிலிருந்து அனிலும் இன்னும் மூன்று பேரும். எட்டுப் பேருக்கும் கஞ்சி வைத்து மரச்சீனி அவிக்க ஸ்ரீகுமாரி.

இவர்களைக் கொண்டுவந்து விட்டவனே சோமன்தான். போன வருஷம் பிரசீதா பழைய கல்லையும் பானையையும் தேடி வந்து, "சேட்டா, இந்தத் துருத்துல பழைய பானை ஏதாவது கண்டதுண்டா?" என்று கேட்டாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போயிருப்பாள். சோமனுக்குள் ஒரு பயம் எழுந்தது. மரச்சீனி மேட்டுப் பக்கம் இவள் போகக் கூடாது. அந்தப் பயத்தில் கெட்டிக்காரத்தனம் பண்ணினான். கிழக்கே வெள்ளம் அரித்த கரையில் கழுத்துவரை வெளியே தெரிந்த உடைந்த தாழியைக் கொண்டுபோய்க் காட்டினான். இதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டான். அவளோ அந்தத் தாழியின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, நிமிர்ந்து மேட்டைப் பார்த்தாள்.

"இங்க தாழ ஒண்ணு உண்டுண்ணா, மேல பத்தெண்ணம் காணும் சேட்டா."

தன் கையாலேயே வழி காட்டிக் கொடுத்த முட்டாள்தனத்தை நினைத்து அவன் ஒரு வருஷமாகத் தன்னைத்தானே வைதுகொண்டிருக்கிறான்.

நாலாம் நாள் சாயங்காலம் பிரசீதா மரச்சீனி மேட்டில் முளை அடித்து நைலான் கயிறு கட்டச் சொன்னாள். சோமன் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றான்.

"அஞ்ச, அந்த மேட்டுல, ஒண்ணும் இல்ல மேடம். வெறும் பாறையாக்கும்."

"பாறையில எங்ஙன சேட்டா மரச்சீனி வெளையும்?"

"அது மேல மட்டும் இத்திரிப் போல மண்ணு. பின்ன மேடம், அந்த மேட்டுல நாகம் உண்டு. சாஸ்தாவுக்க நாகம். ஏழெண்ணம்."

"நேத்தைக்கு நீங்கதானே சொன்னிய, வருசம் தவறாம அங்க மரச்சீனி வைப்பேன்னு? அப்பம் நாகம் எல்லாம் எங்க போயிருந்து?"

அனில் கெக்கலித்துச் சிரித்தான். "அண்ணன் வந்தா நாகம் லீவு போட்டுட்டுப் போவும் மேடம்."

சோமனும் சிரித்து வைத்தான். பிறகு சுத்தியலை ஓங்கினான்.

ஆறாம் நாள் மத்தியானத்துக்குள் முழங்கால் ஆழம் இறங்கியாயிற்று. அவரவர் கட்டன் சாயாவோடு நிழலில் உட்கார்ந்தபோது சோமன் மெதுவாக அனிலிடம் போட்டுப் பார்த்தான்.

"எலே அனிலே, நீ இவியகூட முன்ன வேற எடத்துலயும் சோலிக்குப் போனவனல்லா? பானைக்குள்ள எலும்பு கெடைச்சா என்ன செய்வாவ?"

"ஒரு பல்லு கெடைச்சாலும் விடமாட்டாவ அண்ணே. கவருல போட்டு, நம்பரு எழுதி, எங்கயோ தூரத்துக்கு அனுப்புவாவ. ஆணா பெண்ணா, என்ன தின்னுது, எப்பம் செத்துது, எல்லாம் சொல்லிப்போடுவாவளாம்."

"எப்பம் செத்துதுண்ணுமா?"

"பின்ன? அதுக்குத்தானே இந்தப் பாடு."

"செரி. ரொம்பப் பழசு இல்லாம... புதுசா இருந்துதுண்ணா?"

"புதுசுண்ணா போலீசுல்லா வரும்! எதுக்குக் கேக்குதீரு, ஆரையெங்கிலும் கொன்னு பொதைச்சிருக்கீரா?" என்று அனில் தொடையில் தட்டிச் சிரித்தான். சோமன் மிச்சச் சாயாவை மண்ணில் கவிழ்த்தான்.

நாலு மணிக்குக் கல் தட்டுப்பட்டது. சஜன் தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள, வட்டமாகச் செதுக்கிய பெரிய மூடுகல்லின் ஒரு ஓரம் வெளியே வந்தது. அந்த ஓரத்தில் கடப்பாரை பட்டுத் தெறித்த ஒரு வெள்ளைச் சில்லு. அந்தச் சில்லு தெறித்த நாள் சோமனுக்கு நேற்றுப் போல ஓர்மை உண்டு. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்ததால் பிரசீதா தார்ப்பாயை மூடச் சொன்னாள்.

"நாளைக்குக் காலம்பறத் தொறப்போம். எல்லாரும் சீக்கிரம் வாங்க," என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம். ஸ்ரீகுமாரிக்கு முதல் பேறு, பெண் குழந்தை. இருபத்தெட்டாம் நாள் அரையில் கயிறு கட்டிப் பெயர் விளிக்க வேண்டும். கயிறும் இரண்டு கருவளையும் கள்ளிக்காட்டிலிருந்து வாங்கி வைத்தாயிற்று. இருபத்துநாலாம் நாள் பிள்ளைக்குப் பனி என்கிற காய்ச்சல் கண்டு கொதித்தது. அன்று பார்த்துப் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. காட்டு வெள்ளம் இறங்கி வள்ளத்தைக் கயிற்றோடு பிய்த்துக்கொண்டு போயிற்று. சோமன் கரையில் நின்று கூவினான். தொண்டை கிழியக் கூவினான். அந்த மழையில் எதிர்க்கரை இருக்கிற இடமே தெரியவில்லை, பிறகு யார் காதில் விழும்? இருபத்தாறாம் நாள் உச்சிவேளையில் பிள்ளை அடங்கிற்று. பெயர்கூட இல்லாமல் போயிற்று.

ஸ்ரீகுமாரிக்கும் காய்ச்சல். எழுந்திருக்க முடியாமல் பாயில் கிடந்தபடியே சொன்னாள்: "பிலா மூட்டுல வையுங்க. இஞ்ச இருந்து பாத்தா எக்குக் காணணும்."

பலா மரம் வீட்டுக்குத் தெற்கே நின்றது. சோமன் போய்த் தோண்டினான். பிறகு என்ன நடந்தது என்று ஸ்ரீகுமாரிக்குத் தெரியாது. "வச்சாச்சா?" என்று கேட்டாள். "வச்சாச்சு," என்றான். அவ்வளவுதான். காய்ச்சல் விட்டு எழுந்தவள் பலா மூட்டில், மரத்தின் அடியில், ஒரு கல்லை நட்டாள். அன்றிலிருந்து அந்தியானால் அங்கே விளக்கு. ஆடி அமாவாசை வாவுக்கு வாழையிலையில் பாலும் பழமும். மழை பெய்தால் ஒரு தகரத்தைக் கொண்டுபோய்க் கல்லுக்கு மேலே சாய்த்து வைப்பாள். அந்தப் பலா வருக்கை, வருஷத்துக்கு முப்பது காய் காய்க்கும். அதில் ஒரு சுளை அவள் வாயில் வைத்ததில்லை. "அது எனக்க பிள்ளைக்க மேலுல்லா," என்பாள். பிள்ளையின் உடம்பே அந்தப் பழத்தில் ஏறியிருக்கிறது என்பது அவள் கணக்கு. வீட்டில் மற்ற யாருக்கும் கொடுத்ததுமில்லை. பழுத்துத் தானே விழும். காக்கையும் அணிலும் தின்னும். மிச்சம் மண்ணோடு மண்ணாகும். விபின் சின்ன வயதில் ஒருமுறை எடுத்து வாயில் வைக்கப் போய், அம்மையிடம் வாங்கிய அடி அவனுக்கு இன்னும் மறந்திருக்காது. அங்கே பிள்ளை இல்லை என்று தெரிந்த ஒரே மனிதன் சோமன். அவனும் தின்னவில்லை. பொய் சொன்னவனுக்கு அந்தப் பட்டினியாவது கூட இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ.

மறுநாள் விடிந்ததும் ஸ்ரீகுமாரி அடுக்களைக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்கைக் குவித்துப் போட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். இரவு மழை பெய்யவில்லை. மேகம் மட்டும் போகாமல் நின்றது. சோமன் எதிரில் வந்து குத்தவைத்தான்.

"எட்டீ குமாரி, ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லுங்க. கை சும்மாதானே இருக்கு, அந்தத் தேங்காயத் திருவிக்கிட்டே சொல்லுங்க. எட்டு ஆளுக்குத் தொட்டுக்கிடச் சம்மந்தி அரைக்கணும்."

சோமன் திருவலையில் ஏறி உட்கார்ந்தான். ஒரு மூடித் தேங்காயைத் திருவித் தீர்த்து, அடுத்த மூடியை எடுத்தான்.

"இண்ணைக்கு அவிய தொறக்கப் போறது... அந்த மேட்டுல உள்ள பானை."

"நேத்தைக்கு மேடம் சொல்லிச்சே. அதுக்கென்ன?"

"நம்ம மக அதுக்குள்ளயாக்கும்."

ஸ்ரீகுமாரியின் கத்தி நிற்கவில்லை. கையிலிருந்த கிழங்கை அடியிலிருந்து நுனிவரை உரித்து, வெள்ளைக் கிழங்கைச் சட்டி வெள்ளத்தில் போட்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எவ மக?"

"நம்ம மக. பிலா மூட்டுல வைக்கல்ல குமாரி. அண்ணைக்கு நான் கள்ளம் சொன்னேன்."

அவள் அவனையே பார்த்தாள். சோமன் திருவுவதை நிறுத்தவில்லை. தேங்காய் தீர்ந்து சிரட்டை கரகரவென்று உராய்ந்து, வெள்ளைப் பூவின் மேலே கறுப்புத் துருவல் விழுந்தது.

"கைய எடுங்க," என்றாள் ஸ்ரீகுமாரி. "சிரட்டையத் திருவுதிய."

அவன் கையை எடுத்தான்.

"இருவத்திமூணு வருசம். ஒரு அந்தி விடாம வெளக்கு வச்சேன். ஒரு வாவு விடாம எலை போட்டேன். மழைக்கு நனையாண்டாம்னு தகரம் வச்சேன். ஆருக்கு வச்சேன்? சொல்லுங்க. ஆருக்கு?"

"குமாரி..."

"நான் தகரம் தூக்கிட்டுப் போறதப் பாத்துக்கிட்டு இருந்தியளே. வாயத் தொறந்து ஒரு நாளு சொல்லப்பிடாதா? ரெண்டடிக் குழி தோண்ட ஒங்களுக்கு மேலு வலிச்சுதா? பெத்த பிள்ளைக்கு ரெண்டடி?"

"தோண்டினேன்."

"எங்க தோண்டினிய?"

அதைச் சொன்னால் சாக்குப் போலத்தான் கேட்கும். அவன் வேறொன்றைச் சொன்னான்.

"அந்தப் பானை முன்னமே எனக்குத் தெரியும். மரச்சீனிக்கு மண்ணு கெளைச்சப்பம் கண்டது. பழைய காலத்துல வயசாகித் தேய்ஞ்சு போன ஆளுவள அதுல வச்சு மூடுவாவண்ணு அப்பன் சொல்லுவாரு. பிள்ள தனிச்சுக் கெடக்காண்டாம்னு தோணிச்சு. உள்ள ஒரு மூத்த ஆளு உண்டும்லா. நோக்கிக்கிடும்னு நெனச்சேன்."

ஸ்ரீகுமாரி எழுந்தாள். கூரை இறப்பில் செருகியிருந்த வெட்டுக்கத்தியை உருவிக்கொண்டு நேரே பலா மூட்டுக்குப் போனாள். சோமன் பயந்து பின்னால் ஓடினான். கை எட்டும் உயரத்தில் ஒரு பலாச்சக்கை பழுத்து மணத்துக்கொண்டு தொங்கிற்று. ஒரே வெட்டு. கீழே விழுந்ததைக் கல்லின் மேலே வைத்து, தான் நட்ட அந்தக் கல்லின் மேலேயே வைத்து, இரண்டாகப் பிளந்தாள். பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது.

"தின்னுங்க. இதுல ஆருக்க மேலும் இல்லல்லா. தின்னுங்க!"

மஞ்சள் சுளைகள் வெளியே தெரிய இரண்டு பாதியும் மல்லாந்து கிடந்தன. சோமன் தலையைக் குனிந்து நின்றான். அவள் கத்தியைப் போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். பிசினைக்கூடத் துடைக்கவில்லை.

மேட்டில் மூன்று பேர் சேர்ந்து மூடுகல்லைக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீகுமாரி கயிற்றைத் தாண்டிக் குழிக்குள் இறங்கிக் கல்லின் மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, ஏறுங்க. அங்க இருக்கப்பிடாது," என்றான் சஜன்.

"எனக்க பிள்ள இதுக்குள்ள கெடக்கு."

யாருக்கும் புரியவில்லை. பிரசீதா கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டுக் குழியில் இறங்கினாள். சோமன் வந்து சேர்ந்தான். மூச்சு வாங்க, குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு, இருபத்துமூன்று வருஷமாக மூடி வைத்ததை எல்லார் முன்னாலும் கொட்டினான். மழை, வள்ளம், கயிறு, கடப்பாரை பட்டுத் தெறித்த சில்லு. அனில் தலையிலிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். நேற்றுக் கேலி பண்ணியதை நினைத்திருப்பான்.

"கொல்லல்ல மேடம்," என்று முடித்தான் சோமன். "பனியாக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவ வழி இல்ல. அண்ணைக்கு இத எங்கயும் போய் எழுதி வைக்கவும் இல்ல. போலீசு வருமெங்கி என்னக் கொண்டுபோவட்டு. பிள்ளையக் கவருல போட்டு அனுப்பாண்டாம். நம்பரு போடாண்டாம்."

பிரசீதா வெள்ளத்தையும் மேகத்தையும் பார்த்தாள். பிறகு ஸ்ரீகுமாரியின் அருகில் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தாள்.

"இத மூடி வச்சிட்டுப் போவலாம் அக்கா. ஆனா சத்தியம் சொல்லுகேன், நிக்காது. கெழக்கே கர இடிஞ்சுட்டே வருது. இன்னும் ரெண்டு மழக்காலம். பின்ன இந்த மேடும் பானையும் எல்லாம் வெள்ளத்துக்குள்ள. தொறக்கணும்னா நீங்க பக்கத்துல இருங்க. நீங்க சம்மதிக்காம ஒரு நுள்ளு மண்ணு வெளிய போவாது."

"போலீசு?" என்றான் சோமன்.

"எனக்க புஸ்தகத்துல ரெண்டாயிரம் வருசம் பழசத்தான் எழுத எடம் உண்டு சேட்டா. உங்க வீட்டு துக்கத்த எழுத அதுல எடம் இல்ல."

ஸ்ரீகுமாரி கல்லை விட்டு எழுந்தாள். அதுவே சம்மதம்.

கல் நகர்ந்தது. தாழியின் வாய் ஒரு முழ அகலம். மேலே சோமன் அன்று கையால் வாரிப் போட்ட மண், இளகிய மண். பிரசீதாவே குப்புறப் படுத்துக் கரண்டியால் எடுத்தாள். வேறு யாரையும் விடவில்லை. எடுத்த மண்ணையெல்லாம் ஸ்ரீகுமாரியின் காலடியில் விரித்த சாக்கில் போட்டாள். ஸ்ரீகுமாரி ஒவ்வொரு பிடியையும் விரலால் அளைந்து பார்த்தாள். ஒரு முழம் இறங்கியதும் மண்ணின் நிறம் மாறிற்று. கறுத்து, மெழுகு பிடித்தது போல. பிரசீதா கரண்டியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தாள்.

முதலில் வந்தது ஒரு கருவளை. கண்ணாடி. ஒரு பெரிய மனிதனின் இரண்டு விரல் நுழையும்; அவ்வளவுதான் அதன் வட்டம். பக்கத்தில் இன்னொன்று உடைந்து மூன்று துண்டாகக் கிடந்தது.

"நான் போட்டுட்டேன்," என்றான் சோமன். "இருவத்தெட்டுக்கு வாங்கினதல்லா. ரெண்டு நாளுதானே பாக்கி, போட்டுட்டுப் போவட்டும்ணு போட்டேன். கயிறும் நான்தான் கெட்டினேன்."

ஸ்ரீகுமாரிக்கு அது தெரியாது. அவள் அன்று எழுந்து பார்க்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளைக்கு இருபத்தெட்டு கழிந்திருக்கிறது. அவள் முகம் கோணிற்று. ஆனால் அழவில்லை.

சஜன் பழக்கத்தில் கவரையும் பெயர்ச்சீட்டையும் நீட்டிவிட்டான். பிரசீதா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அதுக்கு நம்பர் வேண்டாம்." வளையை ஊதி, தன் சட்டையில் துடைத்து, ஸ்ரீகுமாரியின் உள்ளங்கையில் வைத்தாள். பலாப் பிசினில் அது ஒட்டிக்கொண்டது.

பிறகு தூரிகை வெகுநேரம் ஓடிற்று. எலும்பு இல்லை. பல்லின் முளைகூட இல்லை. கறுத்த மண் முடிந்து, அதற்குக் கீழே கெட்டிச் செம்மண் தொடங்கிற்று. அதில் பழைய ஆள் கொண்டுபோன சின்னச் சட்டி ஒன்றின் விளிம்பும், துருப்பிடித்த கத்தியின் முனையும் எட்டிப் பார்த்தன.

"பிள்ள எங்க?" என்றாள் ஸ்ரீகுமாரி.

"இந்த மண்ணு எலும்ப வச்சிருக்காது அக்கா. இதுல புளிப்பு ஜாஸ்தி. வலிய ஆளுவளுக்கதையே கரைச்சுப்போடும். இது இருவத்தாறு நாளுல்லா."

"அடியில ஒரு மூத்த ஆளு உண்டுண்ணு இவரு சொன்னாரே. அது?"

"அவியளும் எப்பளோ போயாச்சு. கொண்டு வந்த சாமானம் மட்டும் உண்டு."

இவ்வளவு நாளும் சோமன் பயந்ததெல்லாம் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்றுதான். எடுப்பதற்கு அங்கே ஒன்றுமே மிச்சமில்லை என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மேட்டைக் கடக்கும்போதெல்லாம், மரச்சீனிக்கு மண் அணைக்கும்போதெல்லாம், கீழே இரண்டு பேர் துணைக்குத் துணையாக இருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் அவன் கள்ளத்தைத் தாங்கியிருந்தான். குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதான்.

ஸ்ரீகுமாரி தாழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தாள்.

"மோளே," என்றாள் பிரசீதாவை. அதுவரை மேடம் என்றுதான் விளிப்பாள். "இதுல எவ்வளவு எனக்க பிள்ள?"

பிரசீதா யோசித்தாள். கரண்டியின் முனையால் மண்ணின் வெட்டுமுகத்தில் மேலே ஒரு கோடு கீறினாள், கீழே ஒரு கோடு கீறினாள். கறுத்த மண் முழுதும் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தது.

"இஞ்ச இருந்து இஞ்ச வர."

ஸ்ரீகுமாரி கையை நீட்டி அளந்தாள். நாலு விரல்.

அந்த நாலு விரல் மண்ணையும் சிந்தாமல் எடுத்து மண் சுமக்கிற இரும்புச் சட்டியில் போட்டார்கள். முக்கால் சட்டி வந்தது. ஈர மண், நல்ல கனம். அனில் தூக்க வந்தான், அவள் விடவில்லை. சோமன் கையை நீட்டினான், அவனுக்கும் கொடுக்கவில்லை. மண் சுமக்கிறவர்கள் சட்டியைத் தலையில்தான் வைப்பார்கள். அவள் அதை இடுப்பில் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள். வழியில் ஒருமுறை நின்று, இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

பலா மூட்டுக்கு வந்ததும், "தோண்டுங்க," என்றாள்.

சோமன் கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். ஒரு அடி இறங்கவில்லை, ணங்கென்று பாறை சத்தம் கொடுத்தது. ஸ்ரீகுமாரி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். "இந்தப் பக்கம்," என்றாள். அங்கேயும் ணங். "அஞ்ச, வேருக்கு அந்தப் பக்கம்." அங்கே ஒரு சாண்கூட இல்லை. மரம் முழுதும் பாறை இடுக்கில் காலை நுழைத்துக்கொண்டு நிற்கிறது என்பது இத்தனை வருஷம் விளக்கு வைத்தவளுக்குத் தெரியாது.

"அண்ணைக்கு எத்தன எடத்துல தோண்டினிய?"

"ஏழு எடத்துல."

"அந்த மழையிலயா?"

"தோண்டுக எடமெல்லாம் வெள்ளம் நெறஞ்சுது குமாரி. பிள்ளைய வெள்ளத்துல வைக்க எனக்குக் கை வரல்ல. மேல வச்சா நாய் பறிக்கும். நீ கெடந்த கெடப்புல இத எங்ஙன ஒங்கிட்ட சொல்லுகது?"

அவள் சட்டியைத் தன் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். இரண்டு தடித்த வேர்களுக்கு நடுவில் பாறை பிளந்து கிடந்த இடுக்கைக் கையால் துழாவிச் சருகை அள்ளி வெளியே போட்டாள். முழங்கை வரை உள்ளே போயிற்று. அந்த மண்ணை வைக்க இடம் போதும். சோமன் சட்டியைத் தூக்கப் போனான்.

"நில்லுங்க," என்றாள்.

காலையில் பிளந்து போட்ட சக்கை அங்கேயே கிடந்தது. எறும்பு ஏறியிருந்தது. ஒரு பாதியை எடுத்து எறும்பைத் தட்டி, இரண்டு சுளையைப் பிரித்து எடுத்தாள். ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

"தின்னுங்க. பிள்ளைய வச்சுட்டா இனி இந்த மரத்துல நம்ம வாய் வைக்க ஒக்காது. தின்னா இப்பம் தின்னணும்."

காலையில் போட்ட அதட்டல் அதில் இல்லை. சோமன் வாங்கி வாயில் வைத்தான். அவளும் வைத்தாள். இருவரும் பலா மூட்டில், மண்சட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து தின்றார்கள். அப்படி ஒரு இனிப்பை சோமன் அதுவரை தின்றதில்லை. இருபத்துமூன்று வருஷம், வருஷத்துக்கு முப்பது பழம், கண்முன்னால் விழுந்து அழுகிப் போனது இதுதானா என்று கையிலிருந்த மிச்சச் சுளையைப் பார்த்தான்.

ஸ்ரீகுமாரி கொட்டையைத் துப்பாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து அப்போதுதான் வெள்ளம் இறங்கத் தொடங்கிற்று.

"நல்ல மதுரமாட்டு இருக்கு," என்றாள். "இத்தற மதுரம்னு தெரியாமப் போச்சே."

மேற்கே மழை வெள்ளத்தின் மேலே நடந்து வருகிற சத்தம் கேட்டது. அவள் வளையைச் சட்டியில் போட்டாள். பிசின் பிடித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மண்ணை மெதுவாக இடுக்கில் சரித்தாள். சோமன் பக்கத்தில் நின்று தகரத்தைப் பிடித்துக்கொண்டான்.